ஓர் இணையப் பெயருக்கு யார் பொறுப்பு? பெயர்ச் சேவையகங்களைப் படமாக்கிப் பார்த்தல்

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் பாகூர் கொம்யூனில் அடங்கிய செலியமேடு போன்ற ஊர்களில், மின்கட்டணம் கட்டுவது, வருவாய்த்துறைச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது, தேர்வு முடிவை அறிவது ஆகிய வேலைகள் கைப்பேசி வழியாகவும் பொதுச் சேவை மையத்தின் கணினி வழியாகவும் நடைபெறத் தொடங்கிவிட்டன. இவை ஒவ்வொன்றும் ஓர் இணையப் பெயரில் தொடங்குகின்றன. அந்தப் பெயர் கணினிகளுக்கு விளங்கும் எண் முகவரியாக மாற்றப்பட்ட பிறகே மற்றவை எல்லாம் நிகழ முடியும். இந்த மாற்றத்தைச் செய்பவை டொமைன் பெயர்ச் சேவையகங்கள் எனப்படும் கணினிகள். அவை பல நாடுகளில், பல நிறுவனங்களின் பொறுப்பில், ஒன்றின் சொல்லை மற்றொன்று நம்பி இயங்குகின்றன. அவற்றுக்கிடையே உள்ள தொடர்பைப் படமாக வரைந்து, எந்த இணைப்பு உறுதியானது, எது அறுந்து கிடக்கிறது என்று காட்டும் கருவிகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வளர்ந்துள்ளன. அவற்றுள் பரவலாக அறியப்பட்டது டிஎன்எஸ்விஸ். அது வரையும் படம் ஒரு பெயருக்கு யார் யார் பொறுப்பேற்றிருக்கிறார்கள் என்பதை எவரும் காணும்படி வெளிப்படுத்துவதால், அதைப் படிக்கத் தெரிவது கணினி வல்லுநரின் தொழில்திறன் என்ற அளவைக் கடந்து, குடிமக்களுக்குப் பயன்படும் பொது அறிவாகிறது.

இணையத்திலிருந்து வரும் செய்தியின் மூலத்தை நம்பி வாழ்வது புதுவையின் கிராமப்புறத்துக்குப் புதிய அனுபவமன்று. 1998ஆம் ஆண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியுடன், வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பு எடுக்கப்பட்டு, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. அன்று கடலில் இறங்கலாமா என்று அந்த அறிவிப்பைக் கேட்டு முடிவெடுத்தவர்கள், செய்தி உண்மையாகவே அந்தக் கடற்படையின் கணினியிலிருந்து வந்தது என்ற நம்பிக்கையின் மீது தங்கள் உயிரை வைத்தார்கள். அந்த நம்பிக்கையைத் தாங்கி நின்றது பெயர்ச் சேவையகங்களின் சங்கிலிதான். அக்காலத்தில் அதன் பதில்கள் மெய்யா பொய்யா என்று சோதிக்கும் ஏற்பாடு நடைமுறையில் இல்லை.

பெயர் எண்ணாகும் வழி

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில் கணினிகளின் எண்ணிக்கை சில நூறாக இருந்தவரை, எல்லாப் பெயர்களும் அவற்றின் எண் முகவரிகளும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் தலைமையில் இயங்கிய குழு அந்தக் கோப்பைப் பராமரித்தது; மற்றவர்கள் அதை அவ்வப்போது நகலெடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்த ஒற்றைக் கோப்பு ஈடுகொடுக்க முடியாமல் போகவே, 1983ஆம் ஆண்டு பால் மொகாபெட்ரிஸ் டொமைன் பெயர் அமைப்பை வடிவமைத்தார். 1987ஆம் ஆண்டு வெளியான அதன் திருத்திய வரையறையே இன்றுவரை அடிப்படையாக உள்ளது.

மொகாபெட்ரிஸின் வடிவமைப்பு பட்டியலைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொருவர் பொறுப்பில் விட்டது. ஒரு துண்டுக்கு மண்டலம் என்று பெயர். மேல் மண்டலம் தன்னுடைய ஒரு பகுதியைக் கீழ் மண்டலத்திடம் விட்டுக்கொடுப்பது ஒப்படைப்பு எனப்படும். பெண்ணையாற்றின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து, பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரியை அடைந்து, அங்கிருந்து மதகுகள் வழியாக வயல் வாய்க்கால்களுக்குப் பங்கிடப்படுவதைப் போன்றதே இந்த ஏற்பாடும். அணைக்கட்டில் இருப்பவருக்குக் கடைசி வயல் யாருடையது என்று தெரிய வேண்டியதில்லை. அடுத்த கட்டத்துக்கு நீரைச் சரியாகத் திருப்பிவிட்டால் போதும். மேலே உள்ள மதகு தவறாகத் திருப்பப்பட்டால் கீழே உள்ளவர் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை என்பதும் இரண்டுக்கும் பொது.

புதுச்சேரி அரசின் இணையப் பெயரை எடுத்துக்கொண்டால், அது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ‘பிஒய்’, ‘கவ்’, ‘இன்’ என்ற மூன்று துண்டுகளால் ஆனது. அதன் பொறுப்புகளை அறிய வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடைசித் துண்டான ‘இன்’ இந்தியாவைக் குறிக்கிறது. அதற்கு மேலே, எழுத்தில் காட்டப்படாமல், எல்லாப் பெயர்களுக்கும் பொதுவான வேர் மண்டலம் இருக்கிறது. வேர் ‘இன்’னை இந்தியப் பதிவகத்திடமும், பதிவகம் ‘கவ்’ என்னும் அரசுப் பகுதியை அதற்குரிய அமைப்பிடமும், அவ்வமைப்பு ‘பிஒய்’யைப் புதுச்சேரிக்கும் ஒப்படைக்கின்றன.

யாரிடம் எது?

வேர் மண்டலத்தின் விவரங்களைத் தருபவை பதின்மூன்று பெயர்களில் இயங்கும் வேர்ச் சேவையகங்கள். ‘ஏ’ முதல் ‘எம்’ வரை எழுத்திட்டு அழைக்கப்படும் இவற்றைப் பன்னிரண்டு அமைப்புகள் நடத்துகின்றன. பெயர்கள் பதின்மூன்றே ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் உலகெங்கும் பல நகல்கள் உண்டு. ஒரே எண் முகவரியைப் பல இடங்களிலிருந்து அறிவித்து, கேட்பவருக்கு அருகில் உள்ள நகல் பதில் தரும்படி செய்யும் எனிகாஸ்ட் முறையால் இது சாத்தியமாகிறது. 2005ஆம் ஆண்டு சென்னையில் ‘எஃப்’ சேவையகத்தின் நகலும், மும்பையில் ‘ஐ’ நகலும், தில்லியில் ‘கே’ நகலும் நிறுவப்பட்டன.

அதே 2005ஆம் ஆண்டு முதல் ‘இன்’ பெயர்களின் பதிவகத்தை இந்தியத் தேசிய இணையப் பரிமாற்றகமான நிக்ஸி நடத்திவருகிறது. அரசுக்குரிய ‘கவ்’ பகுதியைத் தேசியத் தகவலியல் மையமும், கல்வி நிறுவனங்களுக்குரிய பகுதிகளை எர்நெட் அமைப்பும் கவனிக்கின்றன. பயனாளருக்கு மிக அருகில் இருப்பது ரிசால்வர் எனப்படும் இடைக் கணினி. இதைப் பெரும்பாலும் இணைய இணைப்புத் தரும் நிறுவனமே வைத்திருக்கும். கைப்பேசியிலிருந்து கேள்வி வந்ததும் ரிசால்வர் வேரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக விசாரித்து இறுதி முகவரியைப் பெற்றுத் தருகிறது. பெற்ற பதிலை, அதனுடன் குறிக்கப்பட்டுள்ள காலம்வரை நினைவில் வைத்து, அடுத்து அதே பெயரைக் கேட்பவருக்கும் தருகிறது.

பொய்ப் பதிலும் கையொப்பமும்

1983ஆம் ஆண்டின் வடிவமைப்பு கேட்கப்பட்ட கேள்விக்கு விரைந்து பதில் தருவதையே நோக்கமாகக் கொண்டது. பதில் தருபவர் பொய் சொல்லக்கூடும் என்பதற்கு அதில் காப்பு இல்லை. 2008ஆம் ஆண்டு டான் காமின்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தக் குறையின் முழு ஆழத்தை வெளிப்படுத்தினார். உண்மையான சேவையகம் பதில் அனுப்புவதற்கு முன் போலிப் பதில்களை வெள்ளமாக அனுப்பினால், அவற்றுள் ஒன்றை ரிசால்வர் ஏற்றுக்கொள்ளக்கூடும். ஏற்றுக்கொண்ட பொய்யை அது நினைவில் வைத்துக்கொள்வதால், அந்த ரிசால்வரை நம்பியிருக்கும் அத்தனை பேரும் தவறான கணினிக்கு அனுப்பப்படுவார்கள்.

இதற்கு நிலையான தீர்வாக முன்வைக்கப்பட்டது டிஎன்எஸ்செக் என்னும் பாதுகாப்பு முறை. ஒவ்வொரு மண்டலமும் இணையான இரு திறவுகோல்களை உருவாக்குகிறது. ஒன்று இரகசியமாக வைக்கப்படும், மற்றொன்று எல்லோருக்கும் வெளியிடப்படும். இரகசியத் திறவுகோலால் மண்டலத்தின் பதிவுகளுக்கு எண்முறைக் கையொப்பம் இடப்படுகிறது. பொதுத் திறவுகோலால் அந்தக் கையொப்பத்தை எவரும் சரிபார்க்கலாம். பொதுத் திறவுகோல்தான் உண்மையானதா என்ற ஐயம் எழாமல் இருக்க, அதன் சுருக்க அடையாளத்தை மேல் மண்டலம் தன் பதிவில் வைத்து, தன் கையொப்பத்தால் உறுதிசெய்கிறது. டிஎஸ் பதிவு எனப்படும் இந்தச் சிறு குறிப்பே இரு மண்டலங்களையும் பிணைக்கும் முடிச்சு. இவ்வாறு படிப்படியாக மேலே சென்றால், எல்லா நம்பிக்கையும் வேர் மண்டலத்தின் ஒரே திறவுகோலில் வந்து சேர்கிறது. வேர் மண்டலம் 2010ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று முறையாகக் கையொப்பமிடப்பட்டது. அந்தத் தலைமைத் திறவுகோலைப் பயன்படுத்தும் சடங்குகள் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் கலிஃபோர்னியாவிலும் உள்ள இரு பாதுகாப்பு மையங்களில், பல நாடுகளைச் சேர்ந்த நம்பகர்கள் பார்த்திருக்க, நேரடியாக ஒளிபரப்பப்பட்டு நடைபெறுகின்றன.

படம் ஏன் வேண்டும்?

டிஎன்எஸ்செக் வந்தபின் பொய்ப் பதில்களைத் தடுப்பது இயன்றது. ஆனால் பராமரிப்பு கடினமாயிற்று. முன்பெல்லாம் ஒரு மண்டலத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் பதில் எப்படியாவது கிடைத்துவிடும். கையொப்பம் வந்தபின், காலாவதியான ஒரு கையொப்பமோ பொருந்தாத ஒரு டிஎஸ் பதிவோ இருந்தால், சரிபார்க்கும் ரிசால்வர் அந்தப் பெயரையே மறுத்துவிடும். பயனாளர் காண்பதெல்லாம் திறக்காத ஒரு பக்கம் மட்டுமே. குற்றம் இணையதளத்தினுடையதா, பதிவகத்தினுடையதா, இணைப்பு நிறுவனத்தினுடையதா என்று அவரால் அறிய முடியாது.

நிர்வாகிகள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் டிக் போன்ற கட்டளைகள் ஒரு நேரத்தில் ஒரு சேவையகத்திடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுத்து வரிகளாகத் தருகின்றன. மேல் மண்டலம் சொல்வதும் கீழ் மண்டலம் சொல்வதும் தனித்தனியே சரியாகத் தோன்றி, ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதே இத்துறையின் வழக்கமான பிழை. பத்துச் சேவையகங்களில் ஒன்று மட்டும் பழைய பதிலைத் தருவதும் உண்டு. இத்தகைய பிழைகள் வரிகளைத் தனித்தனியாகப் படிக்கும்போது கண்ணில் படாமல், எல்லாவற்றையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போதுதான் புலப்படும். அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் பணியாற்றிய கேசி டெக்கியோ, 2010ஆம் ஆண்டளவில் டிஎன்எஸ்விஸ் கருவியை உருவாக்கியதன் காரணம் இதுவே. ஒரு பெயரைக் கொடுத்தால், அதற்குரிய எல்லாச் சேவையகங்களையும் வேரிலிருந்து தொடங்கி விசாரித்து, பதில்களைப் பொருத்திப் பார்த்து, முழுச் சங்கிலியையும் ஒரே படமாக அது வரைகிறது. அதன் மூல நிரல் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளது. உலாவியில் கட்டணமின்றியும் பயன்படுத்தலாம். தற்போது டிஎன்எஸ்-ஓஏஆர்சி என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அதை நடத்திவருகிறது.

படத்தைப் படிக்கும் முறை

படத்தின் உச்சியில் வேர் மண்டலம் ஒரு பெட்டியாக நிற்கும். அதன் கீழே ஒவ்வொரு மண்டலமும் தனித்தனிப் பெட்டியாக அடுத்தடுத்து இறங்கும். பெட்டிக்குள் இருக்கும் நீள்வட்டங்கள் திறவுகோல்கள்; மூலை வளைந்த செவ்வகங்கள் பெயர்-முகவரிப் பதிவுகள். திறவுகோலிலிருந்து பதிவுக்குச் செல்லும் அம்பு, அந்தத் திறவுகோலால் அந்தப் பதிவுக்குக் கையொப்பம் இடப்பட்டுள்ளது என்பதைக் காட்டும்.

வேர்ப் பெட்டியில் 20326 என்ற அடையாள எண் கொண்ட நீள்வட்டம் ஒன்று உண்டு; அது 2018ஆம் ஆண்டு அக்டோபர் 11 அன்று பழைய திறவுகோலுக்கு மாற்றாகப் பொறுப்பேற்ற தலைமைத் திறவுகோல். அதன் விளிம்பு இரட்டைக் கோடாக வரையப்பட்டிருக்கும். நம்பிக்கையின் தொடக்கப்புள்ளி இது, இதற்கு மேல் சான்று கேட்பதில்லை என்பது அந்த இரட்டைக் கோட்டின் பொருள். உள்ளே பூசப்பட்ட சாம்பல் நிறம், மற்றத் திறவுகோல்களை உறுதிசெய்யும் தலைமைத் திறவுகோல் அது என்பதைக் குறிக்கிறது. ‘ஆல்காரிதம் 8’, ‘2048 பிட்’ என்ற சிறு குறிப்புகள் கணித முறையையும் திறவுகோலின் நீளத்தையும் சொல்கின்றன. அதிலிருந்து கிளம்பித் தன்னிடமே திரும்பி வரும் வளைந்த அம்பு, திறவுகோல் தன் பட்டியலுக்குத் தானே கையொப்பமிட்டிருப்பதைக் காட்டுகிறது. 2025 ஜனவரி முதல் வேர் மண்டலத்தில் 38696 என்ற எண்ணுடைய புதிய திறவுகோலும் வெளியிடப்பட்டுள்ளது. அடுத்த பொறுப்பு மாற்றம் அதனிடம் செல்ல இருக்கிறது.

வேர்ப் பெட்டியின் அடியில் டிஎஸ் பதிவு ஒன்று இருந்து, அதிலிருந்து ஓர் அம்பு கீழ் மண்டலத்தின் தலைமைத் திறவுகோலைத் தொட வேண்டும். படத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. ஏனெனில் இரண்டு நிறுவனங்கள் கைகோத்துக்கொள்வது இந்த அம்பில்தான். அம்பு நீலமாக இருந்தால் பிணைப்பு சரியானது. சிவப்பாக இருந்தால் கையொப்பமோ அடையாளமோ பொருந்தவில்லை. ஊதா நிறக் கையொப்ப அம்பு கணக்குச் சரியாக இருந்தும் காலக்கெடு தவறிவிட்டதைக் குறிக்கும். நிர்வாகி புதுப்பிக்க மறந்ததற்கு அது அடையாளம். டிஎஸ் பதிவே இல்லாமல் கீழ் மண்டலம் ஒப்படைக்கப்பட்டிருந்தால், அதற்குக் கீழ் உள்ளவை கறுப்பு விளிம்புடன் வரையப்படும். அவை பொய்யென்று அதற்குப் பொருளில்லை, மெய்ப்பிக்க வழியில்லை என்பதே பொருள். இவ்வாறு நிறங்களைப் பார்த்தவுடன், சங்கிலி எந்தப் படியில் பழுதாகியுள்ளது, அந்தப் படி யாருடைய பொறுப்பில் உள்ளது என்ற இரண்டும் ஒரே பார்வையில் விளங்கிவிடுகின்றன.

பழி யார் மேல்?

படத்தின் மதிப்பைப் பலரும் உணர்ந்த நிகழ்ச்சி 2012ஆம் ஆண்டு ஜனவரி 18 அன்று நடந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் இணையதளம், காம்காஸ்ட் நிறுவனத்தின் இணைப்பைப் பயன்படுத்தியவர்களுக்கு மட்டும் திறக்கவில்லை. இணையத் தணிக்கை மசோதா ஒன்றை எதிர்த்துப் பல தளங்கள் தங்களை இருட்டடித்துக்கொண்ட நாள் அது; ஆகவே காம்காஸ்ட் வேண்டுமென்றே நாசாவைத் தடுத்துவிட்டதாகச் சிலர் குற்றம் சாட்டினர். உண்மையில் நாசா தன் திறவுகோலை மாற்றியபோது, மேல் மண்டலத்தில் இருந்த டிஎஸ் பதிவுக்கும் புதிய திறவுகோலுக்கும் பொருத்தம் அறுந்துவிட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் காம்காஸ்ட் தன் வாடிக்கையாளர் அனைவருக்கும் கையொப்பச் சரிபார்ப்பை நடைமுறைப்படுத்தியிருந்தது; சரிபார்க்காத மற்ற நிறுவனங்கள் பிழையான பதிலையும் ஏற்றுக்கொண்டதால் அவற்றின் பயனாளர்களுக்குத் தளம் திறந்தது. கடமையைச் சரியாகச் செய்தவர் மேல் பழி விழுந்த அந்த வேளையில், டிஎன்எஸ்விஸ் வரைந்த படங்களைக் கொண்டே காம்காஸ்ட் தன் அறிக்கையில் நடந்ததை விளக்கியது.

இத்தகைய பிழைகள் ஒரு நாட்டின் பெயர்கள் அனைத்தையும் பாதிக்க வல்லவை. 2009ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்வீடனின் நாட்டு மண்டலத்தில் பெயர்களின் இறுதியில் வைக்க வேண்டிய ஒரு புள்ளி விடுபட்டதால், அந்நாட்டின் சுமார் ஒன்பது இலட்சம் பெயர்கள் பாதிக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று ரஷ்ய நாட்டு மண்டலத்தில் கையொப்பப் பிழை நேர்ந்து, சரிபார்க்கும் ரிசால்வர்கள் அந்நாட்டுப் பெயர்களைச் சில மணி நேரம் மறுத்தன. மேல் மண்டலத்தின் ஒரு பிழை கீழே எத்தனை பேரைத் தொடுகிறது என்பதற்கு இவை சான்றுகள்.

வேரிலிருந்து இறங்கும் தமிழ்ப் பெயர்கள்

தமிழ் வாசகருக்கு இந்தப் படம் மற்றொரு வகையிலும் நெருக்கமானது. டொமைன் பெயர்கள் ஆங்கில எழுத்துகளால் மட்டுமே அமையலாம் என்ற பழைய வழக்கத்தை மாற்றும் முயற்சியில் சிங்கப்பூர் முன்னணியில் நின்றது. எழுத்தாளரும் கணித்தமிழ் முன்னோடியுமான நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயுடன் இணைந்து தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். 1997ஆம் ஆண்டு அங்கு தமிழ்நெட் மாநாடு கூடியது. டான் டின் வீயின் குழு அதன்பின் ஆசிய மொழி எழுத்துகளில் டொமைன் பெயர்களை இயக்கிக் காட்டியது. 2003ஆம் ஆண்டு இதற்கான உலகளாவிய நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி, தமிழில் எழுதிய பெயரைக் கணினி ‘எக்ஸ்’, ‘என்’ என்ற எழுத்துகளோடும் இரு சிறு கோடுகளோடும் தொடங்கும் குறியீட்டுச் சரமாக மாற்றிக்கொள்கிறது. சேவையகங்களுக்கிடையே பயணம் செய்வது அந்தச் சரமே.

2010ஆம் ஆண்டு ‘இலங்கை’ என்ற தமிழ்ப் பெயர் வேர் மண்டலத்தில் இடம்பெற்றது. 2011ஆம் ஆண்டு ‘இந்தியா’, ‘சிங்கப்பூர்’ ஆகியவை தமிழ் எழுத்தில் சேர்ந்தன. படத்தில் இவை வேர்ப் பெட்டியிலிருந்தே நேராக இறங்குகின்றன. எந்த ஆங்கிலப் பெயருக்கும் கீழே உட்பிரிவாக நிற்கவில்லை. வேரின் கண்ணில் ‘இன்’னும் ‘இந்தியா’வும் சமமான இரு கிளைகள், ஒரே திறவுகோலின் காப்பு இரண்டுக்கும் உண்டு. பாகூர் வட்டாரத்தில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு, முகவரியின் ஒவ்வொரு துண்டையும் தாமே வாசித்துச் சரிபார்க்கும் வாய்ப்பை இத்தகைய பெயர்களே தர முடியும். போலித் தளங்கள் ஓரெழுத்து மாற்றிய ஆங்கிலப் பெயர்களால் மக்களை ஏமாற்றும் இக்காலத்தில், தாய்மொழிப் பெயர்களை அரசுச் சேவைகளில் பரப்புவது மொழிப்பற்றோடு பாதுகாப்பும் சார்ந்த தேவையாகும்.

வங்கிப் பெயர்களும் படத்தின் எல்லையும்

இந்திய ரிசர்வ் வங்கி 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில், வங்கிகளுக்கென்றே ‘பேங்க்.இன்’ என்ற தனிப் பகுதி ஒதுக்கப்படும் என்று அறிவித்தது. ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டுமே அதில் பெயர்களைப் பதிவுசெய்ய முடியும். 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் தங்கள் தளங்களை அங்கு மாற்ற வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. பொதுமக்களுக்கு இதனால் கிடைத்தது எளிய விதி ஒன்று: வங்கித் தளம் எனச் சொல்லிக்கொள்ளும் பெயரின் வலக்கோடியில் ‘பேங்க்.இன்’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயரின் நடுவில் வங்கியின் பெயர் இருப்பதை நம்பக்கூடாது; இடப்பக்கத் துண்டுகளைப் பெயரின் உரிமையாளர் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம், வலக்கோடியோ மேல் மண்டலத்தின் ஒப்புதலால் மட்டுமே அமைவது.

படம் எதைக் காட்டாது என்பதும் அறியத்தக்கது. எல்லா அம்புகளும் நீலமாக இருந்தால், கிடைத்த முகவரி மண்டலத்தின் உரிமையாளர் எழுதியதே, வழியில் எவரும் திருத்தவில்லை என்பது உறுதியாகிறது. உரிமையாளர் நேர்மையானவர் என்பது உறுதியாவதில்லை. ஏமாற்றுக்காரரும் தம் பெயருக்கு முறையாகக் கையொப்பமிட முடியும். பதிவகத்துக்குள்ளேயே அத்துமீறல் நேர்ந்தால் கையொப்பத்தால் மட்டும் காப்பு அமையாது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 6 அன்று இலங்கையின் ‘எல்கே’ பெயர்கள் சிலவற்றுக்குள் நுழைய முயன்றவர்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் நிலை உள்ளிட்ட சமூகப் பிரச்சினைகளைப் பேசும் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். நோக்கம் எதுவாயினும், மேல்நிலையில் பதிவு மாற்றப்பட்டால் கீழே உள்ள பெயர்கள் தம் குற்றமின்றியே திசைமாறும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. தன் மண்டலத்தின் படத்தை அவ்வப்போது எடுத்து முந்தைய படத்தோடு ஒப்பிட்டுவரும் நிர்வாகி, இத்தகைய மாற்றத்தை விரைவில் கண்டுகொள்ள வாய்ப்பு அதிகம்.

சேவையகங்கள் நிற்கும் இடமும் அறியப்பட வேண்டியதே. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4 அன்று, இந்திய நேரப்படி இரவு 9 மணிக்குச் சற்றுப் பின், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவை ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் உள் வலையமைப்பைத் துண்டித்தது. தரவு மையங்களை எட்ட முடியாத நிலையில் அதன் பெயர்ச் சேவையகங்கள், வடிவமைக்கப்பட்டபடியே, தங்கள் வழித்தட அறிவிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. பெயருக்குப் பதில் சொல்ல எவரும் இல்லாததால் பழுதற்ற கணினிகளையும் உலகத்தால் அடைய முடியவில்லை. சேவையகங்கள் வெவ்வேறு வலையமைப்புகளில் பரவியுள்ளனவா என்பது போன்ற கேள்விகளை ஆராய, ஸ்வீடன், பிரான்ஸ் நாடுகளின் பதிவகங்கள் இணைந்து உருவாக்கிய ஸோன்மாஸ்டர் என்ற கருவி உதவுகிறது.

கற்க வேண்டியவர்கள்

இக்கருவிகள் கேட்பவை, எல்லோருக்கும் பதில் சொல்வதற்காகவே வைக்கப்பட்ட சேவையகங்கள் வெளியிடும் பொதுப் பதிவுகளை மட்டுமே; ஆகவே ஒரு பெயரின் சங்கிலியைப் படமாக்கிப் பார்ப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. அந்த எல்லையைக் கடந்து பிறர் கணினிக்குள் நுழைய முயல்வது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி குற்றமாகும் என்பதை மாணவர்கள் முதலிலேயே கற்க வேண்டும். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்திலும், பிள்ளைச்சாவடியில் உள்ள புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், வில்லியனூர், பாகூர் பகுதி மாணவர்கள் பயிலும் கல்லூரிகளிலும் வலையமைப்புப் பாடம் படிப்பவர்கள், பாடநூலின் கற்பனை எடுத்துக்காட்டுகளோடு நிற்காமல், தங்கள் ஊரார் நாள்தோறும் பயன்படுத்தும் அரசு, வங்கி, கல்விப் பெயர்களை வேர்வரை வரைந்து பார்க்கலாம். எங்கே அம்பு அறுந்துள்ளது, எங்கே கையொப்பமே இல்லை, எந்தச் சேவையகம் பதில் தர மறுக்கிறது என்று எழுதி உரிய நிர்வாகத்துக்கு அனுப்பினால், அது பாடப் பயிற்சியாகவும் பொதுத் தொண்டாகவும் அமையும்.

அரசும் தன் பங்குக்குத் தன் பெயர்களின் சங்கிலியைக் குறித்த கால இடைவெளியில் சோதித்து, முடிவுகளை மக்கள் பார்க்கும்படி வெளியிடலாம். ஒரு சாலை யாருடைய பராமரிப்பில் உள்ளது என்று பலகை வைக்கும் நிர்வாகத்துக்கு இது பெரிய வேலையன்று. சான்றிதழும் உதவித்தொகையும் ஓய்வூதியமும் ஒரு பெயரின் வழியாகவே கிராமத்தை அடையும் காலத்தில், அந்தப் பெயரைத் தாங்கும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். அவர் யார் என்று தெரிந்தால்தான், பழுது நேரும்போது சரியான வாசலில் சென்று கேட்க முடியும். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையைச் செலியமேட்டில் இருப்பவருக்கும் தருவதே இந்தப் படங்களின் மிகப் பெரிய பயன்.